காரைக்குடியில் பழைய சென்ட் பாட்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூடியைப் பாருங்கள்

என் அப்பத்தாவின் பெட்டகத்தில் மூன்று சென்ட் பாட்டில்கள் இருந்தன. ஒன்று பூவேலை வெட்டிய சின்ன அத்தர் குப்பி. இன்னொன்று ஓடிகொலோன் பாட்டில்; காய்ச்சல் வந்தால் துணியில் நனைத்து நெற்றியில் போடுவார்களே, அதுதான். மூன்றாவது உள்ளங்கைக்குள் அடங்குகிற கருநீலக் கண்ணாடி, வெள்ளி நிறச் சீட்டு பாதி உரிந்துபோனது. அந்த நீலப் பாட்டிலைத் திறந்தால் இன்றைக்கும் பழைய பட்டுச்சேலையும் பூவும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும். அதற்கு ஜோடியாக இன்னும் நாலைந்து சேர்க்கலாம் என்றுதான் காரைக்குடிக் கடைகளில் ஏறி இறங்க ஆரம்பித்தேன்.

முதல் வருஷம் வாங்கிய ஏழில் நாலு தேறவில்லை. போன பணம் ஒன்பதாயிரத்துக்கு மேல். ஒரு பாட்டிலை நானே உடைத்தேன். ஒரு வீட்டில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. இன்னொன்று சிங்கப்பூர் போகிற வழியில் விமான நிலையத்தோடு நின்றது. சொல்லித்தர அப்போது ஆள் இல்லை. நீங்கள் புதிதாக இறங்குகிறீர்கள் என்றால் கீழே இருக்கிற வரிசையிலேயே போங்கள்.

1. கிளம்பும் முன் பையில் என்ன இருக்க வேண்டும்

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிப் பார்ப்பார்களே, அது. புற ஊதா டார்ச் ஒன்று, வெள்ளைக் கைக்குட்டை ஒன்று, ஒரு சின்ன அளவு நாடா. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்த ஆயிரத்தைச் செலவு செய்யாமல் போனதால்தான் எனக்கு ஒன்பதாயிரம் போனது.

அப்புறம், எதை வாங்கப் போகிறோம் என்று முடிவு செய்துகொண்டு போங்கள். செட்டிநாட்டுக் கடைகளில் பெரும்பாலும் நாலு வகை கிடைக்கும்: அத்தர் குப்பி, ஓடிகொலோன் பாட்டில், வெளிநாட்டுச் சென்ட் பாட்டில், பன்னீர்ச் செம்பு. நாலையும் ஒரே நாளில் பார்த்தால் கண் குழம்பும். ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொண்டு முப்பது நாற்பது பாட்டிலாவது கையில் எடுத்துப் பாருங்கள். முதல் தடவை போகும்போது பணமே எடுத்துப் போகாதீர்கள். சும்மா சொல்லவில்லை, அப்படிப் போன நாளில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

2. எங்கே, எப்போது

பழைய சாமான் கடைகள் வரிசையாக இருப்பது காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில். எனாமல் பாத்திரம், கதவு, தூண், கடிகாரம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் சென்ட் பாட்டில் இருக்கும். கண்ணாடி அலமாரிக்குள் அடுக்கியிருப்பதை மட்டும் பார்க்காமல், "சின்னக் கண்ணாடிச் சாமான் இருக்கிற பெட்டி இருக்காண்ணே?" என்று கேளுங்கள். நல்லவை தூசியோடு அந்தப் பெட்டியில்தான் கிடக்கும்.

டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் நிறைய வருவார்கள், விலை இறங்காது. சித்திரை, வைகாசி வெயிலில் போங்கள். கடைக்காரருக்கும் பேச நேரம் இருக்கும். காலை பத்து, பதினொரு மணிக்குப் போனால் வாசலில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்க்கலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எந்தக் கண்ணாடியும் பழசாகத்தான் தெரியும்.

கார் ஓட்டிவந்தவரையோ வழிகாட்டியையோ கடைக்குள் கூட்டிப் போகாதீர்கள். பல இடங்களில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அதுவும் உங்கள் விலையில்தான் ஏறும்.

3. மூடியும் கழுத்தும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலும் மூடியும் ஒன்றாகப் பிறந்ததா என்று முதலில் பாருங்கள். மூடி மாறியிருந்தால் மற்ற எது சரியாக இருந்தாலும் பாதி விலைக்கு மேல் கொடுக்கக் கூடாது.

பழைய நல்ல பாட்டில்களில் கண்ணாடி மூடியை அதே கழுத்துக்குள் வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். சென்ட் ஆவியாகாமல் இருக்க வேண்டுமே, அதற்காக. அதனால் கழுத்தின் உள்பக்கமும் மூடியின் தண்டும் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். மூடியை வெளியே எடுத்து, அந்த மங்கல் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று நாடாவால் அளந்து பாருங்கள். கழுத்திலும் ஏறக்குறைய அதே உயரம் இருக்க வேண்டும். மூடி மங்கலாக இருந்து கழுத்து பளபளவென்று இருந்தால் அது வேறு பாட்டிலின் மூடி.

அடுத்து மூடியைப் போட்டு மெதுவாக அரைச் சுற்றுத் திருப்புங்கள். பொருந்திய மூடி, தண்டு முழுக்க ஒரே மாதிரி பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கரகரத்துத் திரும்பும். பொருந்தாதது ஒரு பக்கம் பிடிக்கும், இன்னொரு பக்கம் டக் டக் என்று ஆடும். இப்படி ஆடிய ஒரு பாட்டிலைக் காட்டி விற்றவர் என்னிடம் சொன்னது இது: "ரங்கூன்லேருந்து வந்த சாமான் தம்பி. பழசுன்னா மூடி கொஞ்சம் லூசாத்தான் இருக்கும்." நம்பி மூவாயிரத்து ஐந்நூறு கொடுத்தேன். பழசாவதால் தேய்த்துப் பொருத்திய மூடி லூசாகாது. உண்மையில் பழைய மூடிகள் காய்ந்த சென்ட் பிசினாகி இறுகித்தான் கிடக்கும்.

லென்ஸை எடுத்து மூடியின் தண்டு முனையிலும் பாட்டிலின் அடியிலோ வாயோரத்திலோ தேடுங்கள். பிரான்ஸின் பக்காரா மாதிரித் தரமான கண்ணாடித் தொழிற்சாலைகளில், தேய்த்துப் பொருத்திய ஜோடி மாறிவிடாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறிவைப்பார்கள். இரண்டு இடத்திலும் ஒரே எண் இருந்தால் வாங்கலாம் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டு, முகத்தில் காட்டாமல் பாட்டிலைக் கீழே வையுங்கள்.

அத்தர் குப்பியில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். மூடியோடு சேர்ந்த ஒரு கண்ணாடிக் குச்சி குப்பியின் அடிவரை இறங்கும். அதால்தான் அத்தரைத் தொட்டு மணிக்கட்டில் தடவுவார்கள். அந்தக் குச்சி உடைந்து, முனையைத் தேய்த்து மழுப்பியிருப்பது ரொம்பச் சாதாரணம். குச்சி அடிக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டால் உடைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

4. அடிப்பாகமும் அச்சுக் கோடும்

பாட்டிலைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். ஊதிச் செய்த பழைய பாட்டிலில், அடியில் ஒட்டிப் பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு சொரசொரப்பாகவோ, தேய்த்து மெருகிட்ட வட்டமாகவோ இருக்கும். சாதாரணப் பாட்டில்களில் இந்தத் தழும்பு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு குறைந்துவிட்டது. ஆனால் கையால் செய்கிற இடங்களில் இன்றும் வரும். ஆகவே தழும்பு மட்டும் வயதுக்குச் சாட்சி இல்லை.

பக்கவாட்டில் அச்சின் இரண்டு பாதி சேர்ந்த கோடு மெல்லிசாகத் தெரியும். நகத்தால் தடவினாலே தட்டுப்படும். கோடு கழுத்தோடு நின்று, வாயில் இல்லையென்றால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். கோடு வாயின் மேல் வரை ஏறிப்போனால் அது இயந்திரத்தில் வந்த பாட்டில். முழுத் தானியங்கிப் பாட்டில் இயந்திரத்தை அமெரிக்காவில் மைக்கேல் ஓவன்ஸ் கொண்டுவந்தது 1903ஐ ஒட்டித்தான். ஆக, வாய்வரை கோடு ஓடுகிற பாட்டிலை "நூற்றைம்பது வருஷத்துச் சாமான்" என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

வைக்கிற இடத்தில் கீறல் இருக்க வேண்டும். பல பத்தாண்டுகள் அலமாரியில் இழுபட்ட கீறல் அடி விளிம்பில் மட்டும், நாலா பக்கமும் தாறுமாறாக இருக்கும். உப்புத்தாளால் தேய்த்ததென்றால் கோடுகள் ஒரே திசையில் போகும். லென்ஸில் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

5. எழுத்து சொல்லும் வயது

அடியில் நாட்டின் பெயர் இருந்தால் நல்லது. 1891 முதல் அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததால், அதன்பிறகு நாட்டின் பெயர் போடுவது பரவியது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்று இருந்தால் 1918க்கு முந்தியதாக இருக்கவே முடியாது, அந்த நாடே அந்த வருஷம்தான் பிறந்தது. செட்டிநாட்டில் கிடைக்கும் வெட்டுக் கண்ணாடிப் பாட்டில்களில் இந்தப் பெயரைப் பார்த்துவிட்டு ஏமாற்றப்பட்டோமோ என்று பயப்பட வேண்டாம். 1920, 30களின் செக் சென்ட் பாட்டில்களுக்கு உலகம் முழுக்க மதிப்பு உண்டு. மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது.

'ஆர். லாலிக்' என்று கீறியிருந்தால் சந்தோஷப்படும் முன் நிதானியுங்கள். பிரான்ஸின் கோட்டி சென்ட் நிறுவனத்துக்குப் பாட்டில் வடிவமைத்த ரெனே லாலிக் 1945இல் இறந்தார். அதன்பிறகு வந்தவற்றில் முன்னெழுத்து இல்லாமல் 'லாலிக்' மட்டும்தான். விலை ஏறும் என்பதற்காக அந்த ஒற்றை எழுத்தைப் பின்னால் கீறிச் சேர்க்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். லென்ஸில் பார்க்கும்போது அந்த எழுத்தின் கீறல் மட்டும் வெள்ளையாக, புதுசாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

என் அப்பத்தாவின் நீலப் பாட்டில் 'ஈவினிங் இன் பாரிஸ்'. பூர்ஷ்வா நிறுவனம் 1928இல் கொண்டுவந்த சென்ட். நம் பக்கத்து வீடுகளில் இதைப் பார்க்கலாம். லட்சக்கணக்கில் விற்ற சரக்கு, ஆகவே அரிய பொருள் என்று சொல்லி விலை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீட்டு முழுசாக, மூடி அசலாக, பெட்டியோடு இருந்தால் மட்டும் கூடுதலாகக் கொடுக்கலாம்.

டார்ச்சைக் கடைசியாக எடுங்கள். வெளிர் மஞ்சள்-பச்சைக் கண்ணாடி இருட்டில் பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தால் அதில் யுரேனியம் கலந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதாக இருக்கும். அலமாரியில் வைக்க ஆபத்தில்லை. மங்கலாக ஒளிர்ந்தால் மாங்கனீசாக இருக்கலாம், அதற்குக் கூடுதல் பணம் வேண்டாம்.

6. நான் விழுந்த குழிகள்

மெல்லிய கண்ணாடியில் பொன்கோடு போட்டு, ஒட்டகம் மாதிரியும் மசூதிக் கோபுரம் மாதிரியும் ஊதிய பாட்டில்கள் உண்டு. தூக்கினால் காற்று மாதிரி இருக்கும். எகிப்தில் சுற்றுலாக்காரர்களுக்காக இன்றும் செய்கிறார்கள். அழகுதான், ஆனால் பழசு இல்லை. உத்தரப் பிரதேசத்துப் பிரோசாபாத்தில் செய்த புதுக் குப்பிகளும் தூசி பூசிப் பழசு என்று வரும். கைக்குட்டையை நனைத்துத் துடைத்துப் பாருங்கள். மடிப்புக்குள் காய்ந்த பழைய அழுக்கு உடனே வராது. பூசிய மண் ஒரே துடைப்பில் வந்துவிடும்.

பொன்பூச்சு கைபடுகிற மேட்டில்தான் தேய்ந்திருக்க வேண்டும். பள்ளத்தில் தேய்ந்து மேட்டில் மின்னினால் யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

பன்னீர்ச் செம்பில் ஜெர்மன் சில்வரை வெள்ளி என்று விற்பது பழைய குழி. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. வெள்ளி துளியும் இல்லை. வெள்ளி என்று சொன்னால் பணம் கொடுக்கும் முன் தெரிந்த நகைக்கடையில் உரசிப் பார்க்க விடுவாரா என்று கேளுங்கள். விடமாட்டார் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

தந்தத்தில் மூடியோ, பிடியோ இருந்தால் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள். கஸ்தூரிப் பை என்று எதையாவது காட்டினாலும் அப்படியே. இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் சிக்கும். விற்றவரோடு வாங்கியவரும் மாட்டுவார்.

7. விலை பேசுவது

இது நான் கொடுத்த விலைகள். சீட்டில்லாத ஓடிகொலோன் பாட்டில் 200 முதல் 400. மூடி பொருந்திய சாதாரண அத்தர் குப்பி 600 முதல் 1,200. செக் வெட்டுக் கண்ணாடி, ஓரம் சிதையாதது, 2,500 முதல் 5,000. அதற்கு மேல் கேட்டால் எனக்கு அவசரமில்லை, இன்னொரு நாள் வருகிறேன் என்று வந்துவிடுவேன்.

குறையைச் சொல்லி விலையைக் குறையுங்கள், ஆளைக் குறைத்துப் பேசாதீர்கள். "மூடி இதோடது இல்லையேண்ணே" என்று மங்கல் உயரத்தைக் காட்டினால் பெரும்பாலானவர்கள் மறுக்க மாட்டார்கள். இன்றைக்கு எனக்கு ஃபோன் செய்து, "தம்பி, ஜோடி மூடியோட ஒண்ணு வந்திருக்கு" என்று சொல்கிற கடைக்காரர் அப்படிப் பழக்கமானவர்தான்.

8. ரசீது

வெள்ளைத் தாளில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ரசீதில் இருக்க வேண்டியவை: கடையின் பெயர், முகவரி, தேதி, ஜிஎஸ்டி எண் (பதிவு செய்த கடையாக இருந்தால்), பொருளின் விவரம், உயரம், நிறம், மூடி அசலா மாற்றா, குறை என்ன, அவர் சொல்லும் வயது. கடைசியில் இருக்கிறதே, அந்த வயதை எழுதச் சொன்னதும் நூற்றைம்பது வருஷம் பல நேரம் அறுபது வருஷமாகிவிடும்.

பாட்டிலையும் ரசீதையும் சேர்த்துக் கடையிலேயே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்று அவரே எழுதினால், தொல்பொருள் விற்க அவரிடம் உரிமம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி அந்த வியாபாரத்துக்கு உரிமம் தேவை.

9. வீட்டிலேயே நேரடியாக வாங்கினால்

கடையைவிட மலிவு, கதையும் நிஜம். ஆனால் பெரிய வீட்டுச் சாமான் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது அபூர்வம். எத்தனை புள்ளிக்கு, அதாவது எத்தனை குடும்பத்துக்கு, பங்கு என்று முதலில் கேளுங்கள். நான் கேட்கவில்லை. தெரிந்த வீடு, சாவி வைத்திருந்த அண்ணன் கொடுத்தார், நானும் இரண்டு பாட்டில் வாங்கினேன். மூன்றாம் வாரம் அவருடைய தம்பி சென்னையிலிருந்து பேசினார். "அது எங்க ஆத்தா கல்யாணத்துக்குச் சீராப் பரப்பின சாமான், நீங்க கேட்டிருக்கலாமே" என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்தியது. மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். விற்பவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். பொருளின் விவரம், தொகை, 'இதை விற்க எனக்கு உரிமை உண்டு' என்று அவர் எழுதிய வாக்கியம், பங்காளிகளின் கையெழுத்து. ஊரில் இல்லாதவர் வாட்ஸ்அப்பில் சம்மதம் அனுப்பினால் அதைப் பிரதி எடுத்துக் கடிதத்தோடு வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ கொடுங்கள். இதற்கெல்லாம் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகட்டும்.

10. வெளிநாட்டுச் சொந்தத்துக்குக் கொடுத்தனுப்பும் முன்

சிங்கப்பூர், மலேசியாவில் சொந்தம் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. சின்னப் பாட்டில்தானே, கைப்பையில் போட்டுக்கொள்ளட்டும் என்று நினைப்போம். நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் நாட்டை விட்டு எடுத்துப்போகவே கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்று ஆண்டு வரையிலான சிறையும் அபராதமும் உண்டு.

நூறு ஆண்டு ஆகாததுதான், ஆனால் பார்க்கப் பழசாக இருக்கிறது என்றால் இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். இந்தியத் தொல்லியல் துறை தருவது. சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. போகும் முன் எந்த நாளில் பார்க்கிறார்கள், என்ன படிவம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். பொருள், நாலு பக்கமும் எடுத்த படங்கள், வாங்கிய ரசீது, அடையாள அட்டை நகல் இவற்றோடு போனால் திரும்ப அலைய வேண்டியதில்லை. எட்டாவது படியில் விவரமாக எழுதி வாங்கிய ரசீது இங்கேதான் கைகொடுக்கும். என் தங்கை ரசீது இல்லாமல் போனாள். பாட்டிலை வழியனுப்ப வந்தவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறினாள். பயணத் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

உள்ளே சென்ட் இருந்தால் இன்னொரு கணக்கு. சர்வதேச விமானத்தில் கைப்பையில் போகும் திரவப் பாத்திரம் 100 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது. சென்ட் தீப்பற்றும் பொருள் என்பதால் கூரியரிலும் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

11. வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவுவது

மூடியையும் பாட்டிலையும் தனித்தனியாகத் துணியில் சுற்றுங்கள். மூடி போட்டபடி கொண்டுவந்தால் ஒரு குலுக்கலில் கழுத்து விரியும். நான் பழைய கண்டாங்கிச் சேலைத் துண்டில் சுற்றிப் பனையோலைக் கொட்டானுக்குள் நிறுத்திவைப்பேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ள அதுபோல வசதி வேறில்லை.

இறுகிய மூடியை இழுக்காதீர்கள். குறடு, கொதிநீர் இரண்டும் கூடாது. கொதிநீரில்தான் என் அத்தர் குப்பி விண்டது, சத்தம் கூடப் பெரிசாக வரவில்லை. மூடியும் கழுத்தும் சேரும் இடத்தில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு ஒரு இரவு வையுங்கள். காலையில் மரக்கரண்டியால் நாலு பக்கமும் மெல்லத் தட்டி, திருப்பிப் பாருங்கள். வரவில்லையா, மறுபடி விடுங்கள். எனக்கு ஒன்று பதினோராம் நாள் திறந்தது.

சீட்டு ஒட்டியிருந்தால் தண்ணீரே படக் கூடாது, உலர்ந்த பிரஷ் போதும். சீட்டில்லாததை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம். உப்புக்கறை இருந்தால் வினிகர் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அரிசி போட்டுக் குலுக்குவது தடித்த பாட்டிலுக்குச் சரி, மெல்லியதுக்கு வேண்டாம். உள்ளே மீதி சென்ட் இருந்தால் கொட்டாதீர்கள், தோலில் தடவியும் பார்க்காதீர்கள். வெயில் படாத அலமாரியில் நிறுத்திவையுங்கள்.

காலிப் பாட்டில்களின் மூடியை அழுத்திப் போடாமல் சும்மா மேலே உட்காரவையுங்கள், இல்லையென்றால் மறுபடி இறுகும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே எண்ணைப் பென்சிலால் இரண்டு சீட்டில் எழுதி, ஒன்றைப் பாட்டிலிலும் ஒன்றை மூடியிலும் நூலால் கட்டிவிடுங்கள். வீடு ஒதுங்கவைக்கிற அன்று பெரும்பாலான மூடிகள் ஜோடி மாறிப்போவது அந்த நூல் இல்லாததால்தான்.